தோட்டத்திலிருந்து சாலைவரை: வெட்டிய விறகைக் கையால் சுமந்து இறக்குவது எப்படி?

ஆடி மாதம் எங்கள் கோவிலில் கூழ் ஊற்றுவோம். எத்தனை கேஸ் அடுப்பு வந்தாலும் அந்தப் பெரிய அண்டாக்களுக்கு விறகடுப்புதான். விறகு வருவது பினாங்குத் தீவில் பாலிக் பூலாவ் பக்கம் மலைச்சரிவில் இருக்கும் ஒரு டுரியான் தோட்டத்திலிருந்து. தோட்டத்து ஓரத்தில் நிற்கும் பழைய பால்மரங்களையும் (ரப்பர் மரங்கள்), காய்ப்பு நின்றுபோன ரம்புத்தான் மரங்களையும் தவுக்கே, அதாவது தோட்டத்து முதலாளி, ஆள் வைத்துச் சாய்ப்பார். துண்டு போட்ட கட்டைகளை எங்களுக்கு விட்டுவிடுவார். கீழே சாலைவரை சின்ன லோரி வரும். மரம் கிடக்கும் இடத்துக்கு எந்த வண்டியும் ஏறாது. நடுவில் இருக்கும் 150 மீட்டர் சரிவை ஆள்தான் சுமந்து கடக்க வேண்டும்.

இந்த விளக்கம் அந்த 150 மீட்டரைப் பற்றியது. மரம் வெட்டுவது இதில் வராது. செயின்சோ பழகியவர் கையிலேயே இருக்கட்டும்.

புதிதாக வரும் தம்பிகள் எல்லாரும் முதலில் தூரத்தைப் பார்த்து மலைக்கிறார்கள். நடந்து யாருக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. குனிந்து தரையிலிருந்து தூக்கும்போதுதான் பிடித்துக்கொள்ளும். தரையில் இறக்கும்போது அதைவிட மோசமாகப் பிடித்துக்கொள்ளும். ஒரு கட்டை மரத்தடியிலிருந்து கோவில் கொட்டகைக்குப் போய்ச் சேர்வதற்குள் எத்தனை தடவை தரையைத் தொட்டு எழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். நான் முதன்முதலில் எண்ணியபோது ஏழு தடவை. இப்போது ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. கீழே சொல்லும் படிகளில் முக்கால்வாசி அந்த ஏழைக் குறைக்கும் வழிகள்தான்.

படி 1: யாருடைய மரம், எந்த மாதம்

காட்டில் விழுந்து கிடக்கிறதே என்று எங்கு வேண்டுமானாலும் எடுத்துவிட முடியாது. மலேசியாவின் 1984-ஆம் ஆண்டுத் தேசிய வனச் சட்டப்படி, காப்புக்காட்டிலிருந்து உரிமம் இல்லாமல் மரம் எடுப்பது குற்றம். விறகும் அதில் சேர்த்திதான். கொடிமலை (பினாங்கு ஹில்) வட்டாரம் 2021-இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. தீவின் மலைத் தோட்டங்கள் பல காட்டை ஒட்டியே இருப்பதால், உரிமையாளரை அழைத்துக்கொண்டு போய் எல்லை எதுவரை என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். "அந்தப் பக்கம்தான்" என்று கை காட்டியதை நம்பி இறங்காதீர்கள்.

மாதம் விஷயத்தில் நான் ரொம்பப் பிடிவாதம். பாலிக் பூலாவில் டுரியான் விழும் காலம் ஏறத்தாழ மே கடைசியிலிருந்து ஜூலைவரை. பெரும்பாலும் இரவில்தான் விழும் என்றாலும் பகலில் விழாது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒன்றரை, இரண்டு கிலோ முள்ளுருண்டை அது. அந்த நேரத்தில் மரங்களுக்கடியில் வலையும் கட்டியிருப்பார்கள். விறகுக் கட்டோடு நீங்கள் குறுக்கே போவதை எந்தத் தவுக்கேயும் விரும்பமாட்டார். ஆடிக்குத்தானே விறகு என்று ஜூன் மாதம் கிளம்பினால் பழம் விழும் தோட்டம், பச்சை விறகு இரண்டும் சேர்ந்து வாட்டும்.

எங்கள் கணக்கு இது: பழக்காலம் முடிந்து மரம் சாய்ப்பார்கள். டிசம்பர் கடைசியில் பிளந்து அங்கேயே அடுக்குவோம். பொங்கலும் தைப்பூசமும் முடிந்த பிறகு, பிப்ரவரியில் சுமந்து இறக்குவோம். பினாங்கில் மழை குறைந்த மாதங்கள் ஜனவரியும் பிப்ரவரியும்தான். சரிவு காய்ந்திருக்கும், காலில் மண் ஒட்டாது. ஆடிவரை விறகு காய ஐந்து மாதம் கிடைக்கும்.

படி 2: சுமப்பதற்கு முன்பே எடையைக் குறையுங்கள்

இதை எல்லாரும் அவசரமாகத் தாண்டிப் போகிறார்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பச்சைப் பால்மரம் தண்ணீரைவிடச் சற்றே இலேசு. 40 சென்டிமீட்டர் நீளக் கட்டையில், 10 சென்டிமீட்டர் விட்டம் என்றால் எடை சுமார் 3 கிலோ. விட்டம் 20 ஆனால் 11 கிலோவுக்கு மேல். 30 ஆனால் 25 கிலோ. விட்டம் இரண்டு மடங்கானால் எடை நான்கு மடங்காகும்; கண் இதை நம்பாது. "கொஞ்சம் பெருசு, அவ்வளவுதானே" என்று குனிந்து தூக்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். ரம்புத்தான் கட்டை பால்மரத்தைவிடக் கனம். டுரியான் கட்டை இலேசு, ஆனால் சீக்கிரம் எரிந்து போகும்.

அதனால் கைகொள்ளாத கட்டை எதையும் முழுசாகச் சுமக்காதீர்கள். கிடக்கும் இடத்திலேயே கோடாலியால் பிளந்துவிடுங்கள். மரம் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிடுவது நல்லது. காய்ந்த ரம்புத்தான் கோடாலியைத் திருப்பி அனுப்பும்.

பிளந்ததைக் காயவிடுங்கள். பச்சைப் பால்மரக் கட்டையில், முழுக்கக் காய்ந்த மரத்தின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. உங்களிடம் 500 கிலோ பச்சை விறகு இருக்கிறது, ஒரு நடைக்கு 12 கிலோ எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 42 நடை. போக 150, வர 150 மீட்டர் என்றால் மொத்தம் பன்னிரண்டரைக் கிலோமீட்டர், அதில் பாதி சுமையோடு. ஆறு வாரம் காற்றில் கிடந்து ஐந்தில் ஒரு பங்கு எடை இறங்கினால் 34 நடைதான். எட்டு நடையைக் காற்று உங்களுக்காகச் சுமந்துவிட்டது.

காயவைப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தரையில் குவிக்காதீர்கள். இரண்டு தடித்த கட்டைகளை நிறுத்தி, அல்லது இரண்டு பெரிய துண்டுகளின் மேல் கழிகளைப் போட்டு, இடுப்பளவு உயரத்தில் ஒரு பரண் செய்யுங்கள். பிளந்ததைப் பிளந்த கையோடு நேராகப் பரணில் அடுக்குங்கள். விறகு தரையிலிருந்து எழுவது அந்த ஒரே தடவைதான். அடுத்த முறை நீங்கள் அதைத் தொடும்போது அது உங்கள் இடுப்பு உயரத்தில் காத்திருக்கும்.

படி 3: வெறுங்கையோடு பாதையை நடங்கள்

ஒரு முழுக் காலைப்பொழுதை இதற்குக் கொடுங்கள். சுமை இல்லாமல் மேலும் கீழும் இரண்டு மூன்று தடவை நடந்தால் எங்கே கால் சறுக்குகிறது, எந்தக் கொடி கழுத்தில் உரசுகிறது என்று தெரிந்துவிடும்.

நேர் கீழாக இறங்கும் குறுக்குவழி ஆசை காட்டும். போகாதீர்கள். சரிவைச் சாய்வாக வெட்டிக்கொண்டு, பாம்பு நெளிவதுபோல் போகும் பாதை ஒன்றரை மடங்கு நீளமாக இருந்தாலும் முழங்கால் உங்களுக்கு நன்றி சொல்லும். காய்ந்த டுரியான் இலை வழவழப்பானது. பாதையில் கிடப்பதைக் கூட்டித் தள்ளுங்கள். வேர் குறுக்கே ஓடும் இடத்தில் ஒரு மண்வெட்டி மண் போட்டுப் படி மாதிரி ஆக்குங்கள்.

செடிகளைப் பாராங் கத்தியால் வெட்டும்போது ஒன்றை மறக்காதீர்கள். நம் கை இயல்பாகச் சாய்வாக வீசும். செடி விழுந்துவிடும், தரையில் நிற்கும் தண்டு ஈட்டி மாதிரி கூராக இருக்கும். மூன்றாவது வருடம் நானே வெட்டிவிட்ட ஒரு விரல் தடிமன் தண்டு, தலையில் கட்டோடு இறங்கிவந்தபோது, என் வலது காலணியின் அடியைத் துளைத்துக்கொண்டு குதிகாலுக்குள் ஏறியது. தலைச்சுமையோடு வருகிறவனுக்குத் தன் பாதம் தெரியாது. காலணியைக் கழற்றும்போது ரத்தத்தைவிட முதலில் வந்தது அந்தத் தண்டின் பால் வாசனை. தடுப்பூசி போட்டு இரண்டு வாரம் நொண்டினேன். அன்றிலிருந்து வெட்டிய தண்டுகளை மறுபடி குனிந்து, மண்ணோடு மண்ணாக, தட்டையாக அறுத்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கிறேன். வாள் இருந்தால் இந்த வேலைக்குப் பாராங்கைவிட வாளே நல்லது.

படி 4: வழியில் சுமைதாங்கி கட்டுங்கள்

இந்த முழு விளக்கத்தில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் பழைய நடைபாதைகளில் சுமைதாங்கிக் கல் நிற்கும். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்த பெண்ணின் நினைவாக வைப்பது வழக்கம். அந்தக் கல் நெஞ்சுயரத்தில் இருப்பதற்குக் காரணம் உண்டு. தலைச்சுமைக்காரர் குனியாமல், யாரையும் கூப்பிடாமல், சுமையை அதன்மேல் நகர்த்தி வைத்துவிட்டு மூச்சு வாங்கலாம். திரும்ப அதேபோல் தலைக்கு இழுத்துக்கொள்ளலாம்.

தோட்டத்தில் நாம் கல்லுக்கு எங்கே போவது? அருகருகே, ஒரு மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு மரங்களைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் தோளுக்குச் சற்றுக் கீழே, மரங்களின் முன்பக்கமாக ஒரு கழியும் பின்பக்கமாக ஒரு கழியும் படுக்கவைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். மரத்தின் தடிமன் அளவுக்கு இரண்டு கழிகளுக்கும் நடுவில் இடைவெளி வரும். விறகுக்கட்டு அதில் அழகாக உட்காரும். ஆணி அடிக்காதீர்கள், கம்பி கட்டாதீர்கள். அது அடுத்தவர் சோறு போடும் மரம். வேலை முடிந்ததும் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள்.

40, 50 மீட்டருக்கு ஒன்று கட்டினால் எங்கள் 150 மீட்டருக்கு நடுவில் இரண்டு போதும். கீழே சாலையோரத்தில் ஒரு பரண், லோரித் தட்டின் உயரத்துக்கு. இந்த நான்கு இடங்களும் தயாரான பிறகு விறகு தரையைத் தொடவே வேண்டியதில்லை.

படி 5: உடுப்பும் நேரமும்

முழுக்கால் சட்டை, முழுக்கைச் சட்டை, தோல் கையுறை. காலுக்கு ரப்பர் முள் வைத்த, "அடிடாஸ் கம்போங்" என்று எல்லாரும் கூப்பிடும் அந்தக் கறுப்புக் காலணி. விலை மலிவு, சரிவில் அதைப்போல் பிடிப்பு வேறெதிலும் நான் கண்டதில்லை. அடி மெல்லிசு என்பதால் படி 3-ஐ மறக்காதீர்கள்.

பிப்ரவரியில் மரங்களுக்கடியில் தெளிவாக வெளிச்சம் வர ஏழரை ஆகிவிடும். எட்டுக்குத் தொடங்கி பதினொன்றுக்கு நிறுத்துங்கள். மத்தியான வெயிலோடு இந்தக் காற்றின் ஈரமும் சேர்ந்தால் வேர்வை காயாது, உடம்புச் சூடு இறங்காது. தலை கிறுகிறுப்பதாக ஒருவர் சொன்னால் அன்றைக்கு அவருக்கு வேலை முடிந்தது. தண்ணீரோடு உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும் கொண்டுபோங்கள். இடி சத்தம் கேட்டால் சுமையைச் சுமைதாங்கியில் விட்டுவிட்டு இறங்கிவிடுங்கள்.

படி 6: சுமக்கும் முறைகள்

தலைச்சுமை. செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய எங்கள் பாட்டி, வேலை முடிந்து லயத்து வீட்டுக்குத் திரும்பும்போது வெறுங்கையோடு வந்ததே இல்லை. காய்ந்த பால்மரக் கிளைகள் தலையில் இருக்கும். நான் முதல் தடவை கட்டைத் தலையில் வைத்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தள்ளாடியதைப் பார்த்துச் சொன்னார்: "கட்டு தலையில உக்காரணும்யா. நீ அதைப் புடிச்சிக்கிட்டுத் தொங்கக் கூடாது."

உட்கார வைப்பது சும்மாடு. பழைய கைலியையோ நீளத் துண்டையோ நீளவாக்கில் மடியுங்கள். இரண்டு முனையையும் எதிரெதிராக முறுக்குங்கள், ஈரத்துணி பிழிவதுபோல். முறுக்கு விடாமல், விரித்த இடது கையின் நான்கு விரலைச் சுற்றி வளையமாகச் சுருட்டுங்கள். கடைசி முனையை வளையத்துக்குள் செருகுங்கள். நடுவில் ஒரு சின்னப் பள்ளம் இருக்க வேண்டும். உச்சந்தலை அந்தப் பள்ளத்துக்குள் போகும், எடை சுற்றிலும் பரவும். தட்டையாக மடித்த துணி சும்மாடு ஆகாது. கட்டு அதன்மேல் வழுக்கும்.

கட்டு ஒரு மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம், மரத்தில் இடிக்கும். பரண்மேல் முதலில் இரண்டு கயிற்றைப் போட்டுவிட்டு அதன்மேல் விறகை அடுக்கினால் கட்டுவது சுலபம். தடித்த துண்டுகள் அடியில் வெளிப்பக்கமாக, மெல்லியவை நடுவில். இறுக்கிய பிறகு கட்டினை உலுக்கிப் பாருங்கள். ஒரு துண்டு "கடகட" என்றால்கூட அவிழ்த்துக் கட்டுங்கள், வழியில் உருவிக்கொண்டு கழுத்தில் விழும். புதியவர்கள் 10, 12 கிலோவோடு நிறுத்துங்கள். கழுத்து வலி உள்ளவர்கள் தலைச்சுமையே வேண்டாம்.

பரணுக்கு முன்னால் வந்து, முழங்காலை மடித்து, தலையைக் கட்டுக்கடியில் கொடுத்து, முழங்காலை நிமிர்த்துங்கள். கட்டு எழுந்துவிடும். ஒரு கை மட்டும் கட்டில் இருக்கட்டும், இன்னொரு கை வீசுவதற்கு. பார்வை நாலு அடி முன்னால். கட்டு சரிகிறது என்றால் பிடிக்கப் போகாதீர்கள். கையை எடுத்துவிட்டு எதிர்ப்பக்கம் நகர்ந்துவிடுங்கள். விறகு விழட்டும்.

காண்டா. பால்மரக் காட்டில் பால் வாளிகளைத் தோளில் தூக்கிய காண்டாக்கம்பு நம் பெரியவர்களுக்குத் தெரியும். ஒரு முனையில் சோறும் மறுமுனையில் கறியுமாகத் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் பினாங்குத் தெருக்களில் சுமந்து விற்றதால்தான் நாசி கண்டார் என்ற சாப்பாட்டுக்கு அந்தப் பெயர். அதே கம்புதான் விறகுக்கும். தடித்த மூங்கிலை இரண்டாகப் பிளந்து, வழவழப்பான வெளிப்பக்கம் தோளில் படும்படி, முனைகளில் கயிறு வழுக்காமல் இருக்கச் சின்ன வெட்டுக் கொடுத்தால் போதும். மூங்கில் வளைய வேண்டும். வளையாத கம்பு ஒவ்வொரு அடிக்கும் தோள் எலும்பில் குத்தும்.

இரண்டு பக்கமும் எட்டெட்டுக் கிலோ, எடை சரிசமமாக. கட்டின் அடி உங்கள் முழங்கால் மட்டத்தில் தொங்கட்டும். இறக்கும்போது முழங்காலை லேசாக மடித்தால் இரண்டும் ஒரே நேரத்தில் உட்காரும். கம்பு பாதைக்கு நேர்வாக்கில் இருக்க வேண்டும், குறுக்காக இருந்தால் செடியில் மாட்டும். நடை சின்னதாக, கொஞ்சம் வேகமாக. நாலைந்து அடிக்குள் கம்பின் குதிப்பும் உங்கள் நடையும் ஒன்று சேரும்; சேர்ந்துவிட்டது என்பதைத் தோளே சொல்லிவிடும். கட்டு எழும்பும் நொடியில் நீங்கள் அடி எடுத்து வைக்கிறீர்கள், எடை பாதியானதுபோல் இருக்கும். தோள் மாற்ற வேண்டுமானால் தலையைக் குனிந்து கம்பைப் பிடரி வழியாக நகர்த்துங்கள். தலைச்சுமையா காண்டாவா என்று கேட்டால், சமமான பாதையில் காண்டா, செங்குத்தான சரிவில் தலைச்சுமை என்பேன். சரிவில் காண்டாவின் முன்கட்டும் பின்கட்டும் மாறிமாறித் தரையில் இடிக்கும்.

தோள்சுமை. பிளக்காத நீளக் கழிகளுக்கு மட்டும். ஒரு முனையைத் தரையில் ஊன்றி மறுமுனையை நிமிர்த்துங்கள். நடுப்பகுதிக்குக் கீழே தோளைக் கொடுத்து, கழியைத் தோள்மேல் சாயவிடுங்கள். முழுக் கழியைக் குனிந்து தூக்கும் வேலையே இல்லை. முன்முனை ஒரு சாண் உயர்ந்திருந்தால் சரி. இறக்கும்போது பக்கவாட்டில் தள்ளிவிட்டு எதிர்ப்பக்கம் விலகுங்கள், தலைக்கு மேலாகக் கொண்டுவராதீர்கள். இரண்டு பேர் சுமந்தால் இருவரும் ஒரே பக்கத் தோளில், ஒருவர் மட்டும் குரல் கொடுத்து, ஒரே பக்கம் போட வேண்டும்.

இழுப்பது. பிளக்க முடியாத முண்டு ஒன்றிரண்டு எப்போதும் மிஞ்சும். கயிற்றைக் கட்டையைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். குட்டை முனையை நீளக் கயிற்றைச் சுற்றி வளைத்து, திரும்பிப் போய், கட்டையை அணைத்திருக்கும் கயிற்றின் மேலேயே மூன்று தடவை சுருட்டுங்கள், ஜடை பின்னியதுபோல். அவ்வளவுதான், முடிச்சே இல்லை. நீளக் கயிற்றை இழுத்தால் அந்தச் சுருள்கள் கட்டைக்கும் கயிற்றுக்கும் நடுவில் நசுங்கி இறுகும். இழுப்பை நிறுத்தினால் ஒரு விரலால் அவிழ்க்கலாம். முன்முனை தரையைத் தோண்டாமல் இருக்க, கயிற்றைக் கட்டையின் நுனிக்கு ஒரு கையளவு தள்ளிக் கட்டி, கயிற்றைக் குட்டையாகப் பிடித்து நுனியைத் தூக்கியவாறே இழுங்கள். நீல பிளாஸ்டிக் டிரம்மை நீளவாக்கில் பாதியாக அறுத்தால் நல்ல சறுக்குத் தொட்டி கிடைக்கும்; இலைமேல் தண்ணீர்போல் ஓடும். அதனால்தான் சரிவில் ஆபத்து. பின்னால் ஒருவர் தடுப்புக் கயிறு பிடிக்க வேண்டும், இழுப்பவர் பக்கவாட்டில் நிற்க வேண்டும், தொட்டிக்கு நேர் கீழே யாரும் கூடாது. கட்டைகளைச் சரிவில் உருட்டிவிடுவதை நான் அனுமதிப்பதில்லை. எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கிரெத்தா சோரோங் (ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி) சமதளத்துக்கு மட்டும். எடையைச் சக்கரத்துக்கு மேலே, முன்பக்கமாக அடுக்குங்கள். கைப்பிடிப் பக்கம் அடுக்கினால் வண்டியை நீங்கள் தூக்கிக்கொண்டு நடப்பீர்கள்.

படி 7: கைமாற்றி இறக்குங்கள்

மூன்று பேர் இருந்தால் ஒவ்வொருவரும் 150 மீட்டர் போய்வர வேண்டாம். மேலிருப்பவர் பரணிலிருந்து முதல் சுமைதாங்கிவரை, அடுத்தவர் அங்கிருந்து இரண்டாவதுவரை, மூன்றாமவர் சாலைவரை. ஒவ்வொருவருக்கும் 50 மீட்டர்தான். அந்த 50 மீட்டரின் ஒவ்வொரு வேரும் கல்லும் பத்து நடைக்குள் காலுக்கு மனப்பாடமாகிவிடும். வெறுங்கையோடு திரும்பி ஏறும் நடைதான் ஓய்வு, தனியாக உட்கார வேண்டியதில்லை. மணிக்கொரு தரம் இடம் மாறிக்கொள்ளுங்கள். எங்கள் கோவில் மாமா ஒருவர், அறுபதைத் தாண்டியவர், கீழ்த்துண்டில் மட்டும் நிற்பார். அங்கே சரிவு குறைவு. "மேல நீங்க ஆடுங்கடா, கீழ நான் பாத்துக்கிறேன்" என்பார். அவர் கட்டும் கட்டுதான் எங்கள் எல்லாருடையதையும்விட இறுக்கம்.

தனி ஆள் என்றால் முதலில் எல்லாக் கட்டையும் முதல் சுமைதாங்கிக்கு, பிறகு அடுத்ததற்கு என்று அலை அலையாக நகர்த்துங்கள். ஆனால் தனியாகத் தோட்டத்துக்குள் போவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

கடிப்பவை, கொட்டுபவை

ஆறு வாரம் கிடந்த அடுக்கில் யாராவது குடியேறியிருப்பார்கள். முதலில் ஒரு நீளக் கம்பால் தட்டிச் சத்தம் கொடுங்கள், ஒரு நிமிடம் காத்திருங்கள். மேல்வரிசையிலிருந்து எடுங்கள். கட்டையை உங்கள் பக்கமாகப் புரட்டினால் அடியிலிருக்கும் இடைவெளி மறுபக்கம் திறக்கும். தேளோ பூரானோ பாம்போ அந்தப் பக்கம் போகும். கட்டைக்கடியில் விரலைக் கொடுத்துத் துழாவவே கூடாது. பாயான் லெப்பாஸ் பாம்புக் கோவிலில் கிளைகளில் சுருண்டிருக்குமே, அந்த விரியன் இந்த மலைகளிலும் உண்டு. முக மட்டத்துக் கிளையில் அசையாமல் இருக்கும். பாதையை நடக்கும்போது மேலேயும் பாருங்கள். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை அசையாமல் வைத்து 999-ஐக் கூப்பிடுங்கள்.

ரம்புத்தான் கிளைகளில் இலைகளை ஒட்டித் தைத்த கூடு இருந்தால் அது முசுறு எறும்பு. அந்தக் கிளையை விட்டுவிடுங்கள். இன்னொன்று, வெட்டிய முகத்தில் கறுப்பாகப் பிசின் வழிந்து காய்ந்திருக்கும் மரம். ரெங்காஸ் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் மரத்தின் பால் தோலில் பட்டால் கொப்புளம் எழும், எரித்தால் புகையும் கெடுதல். தோட்டத்தோரக் காட்டில் இது இருக்கக்கூடும். எந்த மரம் என்று தெரியாத விறகைத் தவுக்கேயிடம் காட்டாமல் தொடாதீர்கள். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், எலிக்காய்ச்சல் விளையாட்டல்ல.

படி 8: கொட்டகையில் அடுக்குவது

சாலையோரப் பரணிலிருந்து லோரித் தட்டுக்கு, தட்டிலிருந்து கொட்டகைப் பரணுக்கு. இங்கேயும் தரையில் கொட்டி மறுபடி பொறுக்காதீர்கள். லோரிக்காரர் அவசரப்படுத்துவார், அசையாதீர்கள். தரையிலிருந்து ஒரு முழம் உயரம், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. மேலே மட்டும் தகரம், நான்கு பக்கமும் திறந்திருக்கட்டும். பால்மரத்தில் பூஞ்சணமும் துளைக்கும் வண்டும் சீக்கிரம் ஏறும். அடுக்குக்குக் கீழே மாவு மாதிரித் தூள் உதிர்ந்தால் வண்டு வந்துவிட்டது. அதனால் ஆடிக்குப் பால்மரத்தை முதலில் எரித்துவிடுங்கள். ரம்புத்தான் காத்திருக்கும்.

மறுநாள் காலையில் உடம்பு சொல்வதைக் கேட்டு அடுத்த வாரத்துக்கு மாற்றம் செய்யுங்கள். பிடரி வலித்தால் சும்மாடு மெல்லிசு, அல்லது கட்டு கனம். ஒரு பக்கத் தோள் மட்டும் கன்றியிருந்தால் காண்டாவை மாற்றாமலே நடந்திருக்கிறீர்கள். முன்தொடையும் முழங்காலும் பிடித்திருந்தால் பாதை செங்குத்து, இன்னொரு வளைவு சேர்க்க வேண்டும். கீழ்முதுகு வலித்தால் எங்கோ ஓரிடத்தில் விறகு இன்னும் தரையிலிருந்து எழுந்துகொண்டிருக்கிறது. அது எந்த இடம் என்று கண்டுபிடித்து அங்கே ஒரு பரண் கட்டுங்கள்.